காயும் நேரம்

எங்கள் டவுன்ஹவுஸ் குடியிருப்போர் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. படகு, டிரெய்லர் எதையும் வீட்டுக்கு வெளியே நிறுத்தக் கூடாது; பின்பக்க டெக்கில் வைத்தாலும் அபராதம். கராஜில் ஒரு கார், இரண்டு சைக்கிள், அரிசி மூட்டை, பனி தள்ளும் மண்வாரி எல்லாம் போக மீதமிருப்பது ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கிற இடம். பத்தடி நீளப் பிளாஸ்டிக் கயாக்கை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

தண்ணீருக்கு மட்டும் பிரிட்ஜ்வாட்டரில் பஞ்சமில்லை. ராரிட்டன் ஆற்றின் வடகிளையும் தென்கிளையும் எங்கள் ஊரின் மேற்கு ஓரத்தில் கூடுகின்றன. கூடிய ஆறு ஊருக்குத் தெற்கே ஓடி பவுண்ட் புரூக்கைத் தொடுகிறது. அங்கே எதிர்க்கரையில் டெலவேர்–ராரிட்டன் கால்வாய். 1830 முதல் 1834 வரை பெரும்பாலும் ஐரிஷ் தொழிலாளர்கள் கையால் தோண்டிய கால்வாய் அது. மேற்கே அரை மணி நேரம் ஓட்டினால் ஸ்ப்ரூஸ் ரன், ரவுண்ட் வேலி நீர்த்தேக்கங்கள். சனிக்கிழமை பாலாஜி கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் இந்தத் தண்ணீரை கார் கண்ணாடி வழியாக அல்லாமல் பார்த்திருப்பார்கள் என்று யோசித்ததுண்டு. முப்பத்தாறு வயதில் நீச்சல் கற்றுக்கொள்ளும்வரை நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். என் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருந்ததால் அம்மா என்னைக் கோயில் குளத்தின் மூன்றாவது படிக்குக் கீழே விட்டதில்லை.

ஆகவே காற்றடைக்கும் கயாக். மடித்தால் அலமாரிக்குள் போக வேண்டும். கோடையில் மேய்ன் மாநிலத்துக்குக் காரின் பின்பெட்டியில் வர வேண்டும். மச்சினன் இருக்கும் ஆஸ்டினுக்கு விமானத்தில் வர வேண்டும். எப்போதாவது ஊருக்கும் வர வேண்டும். விமானம் என்றதும் நமக்கெல்லாம் மனப்பாடமான எண் ஒன்று உண்டு: 23 கிலோ. குளியலறைத் தராசில் ஏறி நின்று பெட்டியைத் தூக்கிப் பிடித்துக் கழித்துப் பார்க்காத வீடு இங்கே கிடையாது. படகும் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

படகைச் சுருட்டி எடுத்துப் போகிற ஆசை புதிதல்ல. 1840களில் பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, ரப்பர் பூசிய துணியில் ஓர் அங்கி தைத்தார். ஊதினால் அது படகு. கைத்தடி துடுப்பாகும், குடை பாயாகும். வேடிக்கையாகத் தோன்றினாலும் ஜான் ரே என்ற ஆய்வாளர் ஹால்கெட்டின் படகு ஒன்றை ஆர்க்டிக் பயணத்தில் உண்மையாகவே பயன்படுத்தினார். 1956ல் ஹானஸ் லிண்டமன் என்ற ஜெர்மன் மருத்துவர், பிரித்து மடிக்கக்கூடிய கயாக் ஒன்றில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். மடிக்கிற படகு என்றால் விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயர்களையும் சொல்வேன்.

இன்று கடையில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, வெறும் வினைல் குழாய்களால் ஆனது. விலை குறைவு, 10 முதல் 15 கிலோ, அமைதியான ஏரிக்குப் போதும். காற்றடித்தால் திரும்பிக்கொண்டே போகும். நேராகச் செலுத்த அடியில் ஒரு துடுப்பு மீன்செதில் போல ஒட்டியிருக்கும். இரண்டாவது, துணி உறைக்குள் காற்றுப்பைகள் வைத்தது. சிலவற்றில் முனைகளில் அலுமினிய விலா எலும்புகளும் உண்டு. பார்க்க நிஜக் கயாக் போலவே இருக்கும், நேராகவும் போகும். மூன்றாவது, டிராப் ஸ்டிட்ச். மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளுக்குள் இழுத்துப் பிடித்திருக்கும். அதனால் காற்று அடைக்க அடைக்க உருண்டையாக உப்பாமல் பலகை போலத் தட்டையாக இறுகும். 1956ல் குட்இயர் நிறுவனம் காற்றடைத்துப் பறக்கும் விமானம் ஒன்றைச் செய்தபோது அதன் இறக்கைகளில் இருந்ததும் இதே வழிமுறைதான். நான்காவது, பேக்ராஃப்ட். பூச்சிட்ட மெல்லிய நைலான். 2 முதல் 4 கிலோதான். மலையேறுகிறவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு போவது. லேசானது, ஆனால் பெரும்பாலும் ஓர் ஆளுக்கானது, விலையும் அதிகம்.

பழக்கதோஷத்தில் இவற்றை ஒரு அட்டவணையாக்கினேன். நீளம், அகலம், எடை, எத்தனை கிலோ தாங்கும், எத்தனை அறைகள், விலை. எண்கள் நிறைய இருந்தும் முடிவு வரவில்லை. எத்தனை இருக்கை என்ற வரிசையில் வந்து நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று பேர். மனைவிக்குப் படகில் நாட்டமில்லை. மகளுக்குப் பதினாறு வயது. இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு இரட்டை இருக்கைப் படகில் நான் மட்டும் உட்கார்ந்தால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். தர்க்கப்படி ஒற்றை இருக்கைதான் சரி.

அந்த ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் தங்க வந்தார்கள்.

அப்பா நாகப்பட்டினத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மாணவர்களில் பாதிப்பேர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். என் சிறுவயது முழுக்க அவர் மாலையில் கடற்கரைக்கு நடந்துபோய்விட்டு இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு போகவில்லை. தமிழகத்தில் சுனாமியில் இறந்த சுமார் 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் நாகை மாவட்டத்தவர்கள். பள்ளி மறுபடி திறந்தபோது வருகைப் பதிவேட்டில் சில பெயர்களைக் கூப்பிடாமல் தாண்ட வேண்டியிருந்தது என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி அவர் மேலே பேசியதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. ஓய்வு பெற்றதும் கடலிலிருந்து தள்ளி, தங்கைக்குப் பக்கத்தில், திருவாரூருக்கு வீட்டை மாற்றிக்கொண்டார்.

என் அட்டவணையை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"இது காய எவ்ளோ நேரம் புடிக்கும்?"

அப்படி ஒரு வரிசை என் அட்டவணையில் இல்லை. எந்த நிறுவனத்தின் விவரப் பட்டியலிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

"அத எழுதல்லன்னா மத்ததெல்லாம் எழுதி என்னடா பிரயோஜனம்?" என்றார்.

பிறகு அவரே சொன்னார். கட்டுமரம் என்றால் பெயரிலேயே இருக்கிறது: கட்டிய மரம். லேசான மரத்துண்டுகளைச் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி அடுக்கிக் கயிற்றால் கட்டுவார்கள். கடலுக்குப் போய் வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுவிடுவார்கள். மரம் தண்ணீர் குடித்தால் கனக்கும், மிதப்பு குறையும். ஈரமான மரத்தை மறுநாள் விடியலில் தண்ணீருக்குத் தள்ளுவதற்கும் கூடுதலாக ஆள் வேண்டும். அதனால் கட்டுவது எவ்வளவு முக்கியமோ அவிழ்ப்பதும் அவ்வளவு முக்கியம். காய வைக்காத கட்டுமரம் அடுத்த நாளின் வேலையைக் கெடுக்கும். 1697ல் வெளிவந்த தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கே அந்தச் சொல்லை இரண்டு அடிப்பாகம் கொண்ட உல்லாசப் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். அவிழ்க்கிற வழக்கம் மட்டும் சொல்லோடு கப்பலேறவில்லை. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அவற்றை அவிழ்க்க வேண்டியதில்லை. இன்ஜினும் டீசலும் வேண்டும். கட்டுமரம் கரையில் அரிதாகிவிட்டது.

அப்பா இவ்வளவு நேரம் கடலைப் பற்றிப் பேசியது எனக்கும் அம்மாவுக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. அம்மா எழுந்து காபி போடப் போனாள்.

அன்று அட்டவணையில் ஒரு வரிசை சேர்த்தேன். அதை நிரப்ப வழி எளிது: நண்பர்கள் வீட்டு அலமாரிகளில் தூங்கிய மூன்று படகுகளைக் கடன் வாங்கினேன். டெக்கில் விரித்துக் காற்றடைத்து, தோட்டத்துக் குழாயால் முழுக்க நனைத்து, காற்றை இறக்கி, துடைத்துக் காய வைத்தோம். அப்பா மணி பார்த்துக் குறித்துக்கொண்டார்.

வினைல் படகு துண்டால் துடைத்த இருபது நிமிடத்தில் காய்ந்ததுபோல் இருந்தது. தூக்கிச் சாய்த்தபோது தரைக்குழாய்களின் இடுக்கிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. துணி உறை போட்ட படகுதான் ஆளை அசத்தியது. உறைக்கும் காற்றுப்பைக்கும் நடுவே புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல், ஜூலை வெயிலிலும் மறுநாள் மதியம் வரை இருந்தது. பையை உருவி வெளியே எடுத்துக் காய வைத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் திரும்ப உள்ளே முறுக்கில்லாமல் நுழைக்க அரை மணி நேரமும் நல்ல பொறுமையும் வேண்டும். மூன்றாவது படகில் பக்கக் குழாய்கள் சாதாரணம், தரை மட்டும் கழற்றக்கூடிய டிராப் ஸ்டிட்ச். தரையை உருவிச் சுவரில் சாய்த்தோம். குழாய்களைக் கவிழ்த்துப் போட்டோம். எல்லாம் ஐம்பது நிமிடம்.

பயணத்துக்கான படகு என்றால் இந்த ஐம்பது நிமிடத்தைத்தான் வாங்குகிறோம். கடைசி நாள் மதியம் ஏரியிலிருந்து ஏறுகிறோம், மறுநாள் காலை விமானம், விடுதியில் தங்கல். ஈரத்தோடு சுருட்டினால் இரண்டு லிட்டர் தண்ணீர் மடிப்புக்குள் எளிதாக உட்கார்ந்துகொள்ளும். அது இரண்டு கிலோ. ஒரு வாரம் பைக்குள் கிடந்தால் பூஞ்சணம், நாற்றம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது நம் வசதியைப் பற்றியதல்ல. இங்கே படகுக்காரர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம்: சுத்தம் செய், வடி, காய வை. ஒரு நீர்நிலையின் செடித்துணுக்கும் சிப்பிக்குஞ்சும் ஈர மடிப்பில் ஒளிந்து அடுத்த நீர்நிலைக்குப் போய்ச் சேரும். எங்கள் கால்வாயில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி புகுந்து, 2017 முதல் மருந்திட்டு அதைக் கட்டுப்படுத்தி வருகிறார்கள். பெயரைப் படித்ததும் சிரிப்பு வந்தது. பள்ளியில் பீக்கருக்குள் புனலைக் கவிழ்த்து ஒளிச்சேர்க்கைக் குமிழிகளை எண்ணினோமே, அதே ஹைட்ரில்லா. இதன் ஒரு வகை 1950களில் மீன்தொட்டி அலங்காரச் செடியாக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். சிறு தண்டுத்துண்டு போதும், புதிதாக முளைத்துவிடும்.

ஆகவே மூன்றாவது வகையையே வாங்கினேன். இருக்கை இரண்டு, ஆனால் வேல்க்ரோவில் நகர்த்தக்கூடியவை. தனியாகப் போனால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை நடுவுக்குக் கொண்டுவரலாம். மேல்மூடி இல்லாத திறந்த அமைப்பு. கவிழ்ந்தால் கால் மாட்டிக்கொள்ளாது. காற்று அறைகள் மூன்று; ஒன்று போனாலும் மற்றவை கரை சேர்க்கும்.

வாங்குகிறவர்களுக்கு என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் அச்சிட்ட எடை வெறும் படகின் எடை. எனக்கு: படகு 12.5 கிலோ, கைப்பம்பு 1.2, துடுப்புகள் 2.2, இரண்டு உயிர்காப்பு அங்கிகள் 1.4, பை 1.5, ஒட்டுச் சாமான் 0.3. மொத்தம் 19.1. துடுப்பு நான்கு துண்டாகப் பிரிய வேண்டும். இரண்டு துண்டுத் துடுப்பு எந்தப் பெட்டியிலும் அடங்காது. மின்பம்பு வாங்கினால் அதன் லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி நுரை வைத்ததாக இருக்கட்டும். கார்பன் டை ஆக்சைடு குப்பியால் தானே ஊதிக்கொள்ளும் அங்கி சிறியதுதான், ஆனால் அந்தக் குப்பிக்கு விமான நிறுவனத்திடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும்.

இன்னொன்று, வெயில். பக்கக் குழாயில் ஒரு பி.எஸ்.ஐ. அளவு காற்றடைக்கிறோம். மானி காட்டும் அந்த ஒன்றுக்கு அடியில் வளிமண்டலத்தின் 14.7ம் சேர்ந்தே இருக்கிறது. சூடும் குளிரும் மொத்தத்தையும் அசைக்கும். 15 டிகிரிக் காலையில் அடைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டின்போது மணலில் விட்டு 40 டிகிரிக்குச் சூடேறினால் மானி 2.4 காட்டும். துணி சற்று விரிந்துகொடுப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையலாம், ஆனாலும் தையல் விட இது போதும். மாறாக 30 டிகிரிக் கராஜில் அடைத்து 12 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் அந்த ஒன்றும் ஏறக்குறைய முழுதாகக் காணாமல் போகும், படகு துவளும். தண்ணீரில் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மறுபடி பம்பு அடிப்பதே வழி. கரையேறியதும் நிழலில் வைத்துச் சற்றுக் காற்றை இறக்கிவிட வேண்டும்.

எங்கே போவது என்பதில் அம்மாவின் ஜாதகம் எனக்கு உதவியது என்றே சொல்வேன். பயந்தவன் விசாரிப்பான். ராரிட்டனில் 2011 முதல் 2013 வரை மூன்று பழைய தடுப்பணைகளை அகற்றினார்கள். மீன்கள் மேலேறி வருகின்றன. ஆனாலும் எல்லாத் தடுப்புகளும் போய்விடவில்லை. தாழ்வான தடுப்பணை படகிலிருந்து பார்த்தால் ஒரு கோடு போலத்தான் தெரியும். அதன் அடியில் சுழலும் தண்ணீர் அங்கி போட்டவரையும் விடாது. மழைக்குப் பிறகு ஆற்றின் பக்கமே போவதில்லை. 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மழைக்கு நியூ ஜெர்சியில் 30 பேர் இறந்ததையும், பக்கத்து மேன்வில்லில் வீடுகள் மூழ்கியதையும் பார்த்தவர்கள் நாங்கள். முதல் முறை கால்வாய்தான் என்று முடிவு செய்தேன். ஓட்டம் கண்ணுக்குத் தெரியாது, இரண்டு கரையும் கைக்கெட்டும் தூரம், கூடவே நடைபாதை.

கிரிக்ஸ்டவுனில் படகை இறக்கினோம். மகளோடு போவதாகத்தான் ஏற்பாடு. அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அப்பா அங்கியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இது எப்படிப் போடறது?" என்று அவளிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை.

"ஏங்க, பேசாம இருங்க" என்றாள் அம்மா கரையிலிருந்து.

மகள் அவருக்கு அங்கியை மாட்டி, வார்களை இழுத்துப் பார்த்தாள். இந்த மாநிலத்தில் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகள்தான் கட்டாயம் அணிய வேண்டும், மற்றவர்களுக்குப் படகில் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் எழுபத்தைந்து வயதுக்கும் கட்டாயம் என்று அவள் சொல்லிவிட்டாள். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னிருக்கையில் உட்கார்ந்தார். நகரத் தொடங்கியதும் இரண்டு கையாலும் பக்கக் குழாய்களை அழுத்திப் பிடித்திருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. பின்னங்கழுத்து மட்டும் தெரிந்தது.

"ஆழம் எவ்ளோ?"

"ஆளுயரத்துக்கு மேல இருக்கும்ப்பா. திரும்பிடலாமா?"

ஒரு கட்டையின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆமைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விழுந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ" என்றார்.

அரை மைல் போய்த் திரும்பினோம். அம்மாவும் மகளும் கரையில் கூடவே நடந்து வந்தார்கள். நான்காவது முறை போனபோது துடுப்பைக் கேட்டு வாங்கினார். இடது வலது மாறி மாறி, நான் போடுகிற தாளத்துக்கு அல்லாமல் தன் தாளத்தில். ஒருமுறைகூட ஊர்க் கடலைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒற்றை இருக்கை வாங்கியிருந்தால் இது எதற்கும் இடமிருந்திருக்காது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

காய வைப்பது அவர் வேலையாகிவிட்டது. எங்களை அண்ட விடமாட்டார். தரையை உருவிச் சாய்ப்பார், குழாய்களைக் கவிழ்ப்பார், பழைய நாலு முழ வேட்டி ஒன்றால் இடுக்கு இடுக்காகத் துடைப்பார். இங்கே விற்கிற மைக்ரோஃபைபர் துணி ஈரத்தை இழுப்பதில்லை, தள்ளத்தான் செய்கிறது என்பது அவர் கட்சி. செய்து பார்த்ததில் எனக்கும் அப்படித்தான் பட்டது. மெலிந்த பருத்தி சீக்கிரம் உறிஞ்சும், பிழிந்து உதறினால் சீக்கிரம் காயும், எடையும் இல்லை.

செப்டம்பரில் அவர்களை நியூவர்க்கில் விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகு ஆஸ்டின் பயணத்துக்காகப் பையைத் திறந்தேன். படகின் மேல் அந்த வேட்டி நான்காக மடித்து வைத்திருந்தது. தராசில் போட்டேன். 0.3 கிலோ. மொத்தம் 19.4. இன்னும் 3.6 கிலோவுக்கு இடமிருக்கிறது.